பென்சனை எப்போது எடுக்கத் தொடங்குவது? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது வயது தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "இப்பவே எடுத்துவிடு, நாளைக்கு என்ன நடக்குமோ" என்று ஒருவர் சொல்வார். "பொறுத்திரு, கூடக் கிடைக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே சிலருக்குச் சரி, சிலருக்குப் பிழை. அரச உத்தியோகத்தர், தனியார் துறையில் வேலை செய்தவர், லண்டனிலோ கனடாவிலோ உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர் என்று மூன்று வகையினருக்கும் விதிகள் வேறு. கேள்விகளை அதற்கேற்பக் கீழே தந்திருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வயதில் எடுத்தால் எனக்குக் கூட வரும் என்று ஒரு தலைக்குக் கணக்குப் போடாதீர்கள். அந்தக் காசில் வீட்டில் யார் யார், எத்தனை வருடம் சாப்பிடவேண்டும் என்று பாருங்கள். நம்மூரில் அநேகமாக மனைவி நாலைந்து வயது இளையவர், அவருக்கென்று தனி வருமானமும் இருக்காது. கணவனின் அறுபதாவது வயதில் எடுக்கும் முடிவு மனைவியின் எண்பத்தைந்தாவது வயதுவரை நிற்கும்.

அரச உத்தியோகம். 55 வயதில் விட்டுவிடலாமா, 60 வரை இருப்பதா?

கட்டாய ஓய்வு வயது இப்போது 60. 2022 தொடக்கத்தில் அதை 65 ஆக்கினார்கள். பிறகு அதே வருடக் கடைசியோடு திரும்ப 60க்குக் கொண்டுவந்தார்கள். விரும்பினால் 55இல் போகலாம்.

நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது வயதை அல்ல, சேவைக் காலத்தை. ஓய்வூதியம் கடைசியாக எடுத்த சம்பளத்தையும் சேவை செய்த வருடங்களையும் வைத்தே கணிக்கப்படுகிறது. பத்து வருடச் சேவை இல்லாவிட்டால் ஓய்வூதியமே இல்லை. முப்பது வருடம் நிறைந்தால் உச்ச வீதம் கிடைக்கும். அதற்குமேல் எத்தனை வருடம் இருந்தாலும் வீதம் ஏறாது, சம்பளம் ஏறுவதால் மட்டுமே ஓய்வூதியம் கூடும்.

இருபத்தைந்து வயதில் நிரந்தர நியமனம் பெற்ற ஒரு எழுதுவினைஞர் 55இல் முப்பது வருடத்தை முடித்துவிடுவார். அவருக்கு 55க்கும் 60க்கும் இடையிலான கேள்வி உடம்பும் மனமும் சம்பந்தப்பட்டது. முழங்கால் வலியோடு தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகவேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

ஆனால் வடக்கில் நிறையப் பேருடைய கதை அப்படியில்லை. யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியராக, அமைய ஊழியராக வருடக்கணக்கில் வேலை செய்து, நாற்பதை நெருங்கும்போதுதான் நிரந்தரமானார்கள். பொதுவாக நிரந்தர நியமனத் திகதியிலிருந்தே ஓய்வூதியத்துக்கான சேவை எண்ணப்படும். முப்பத்தெட்டு வயதில் நிரந்தரமான ஆசிரியைக்கு 55இல் பதினேழு வருடம், 60இல் இருபத்திரண்டு வருடம். இந்த ஐந்து வருடம் அவருடைய மாத ஓய்வூதியத்தை வாழ்நாள் முழுவதும் தூக்கிப் பிடிக்கும். உடம்பு இடங்கொடுத்தால் இருந்துவிடுங்கள் என்றே இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்வேன்.

இன்னொன்று, சம்பள உயர்வு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கி, அதை 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று கட்டமாகக் கொடுப்பதாக அறிவித்தார்கள். இப்படியான காலத்தில் ஓய்வுத் திகதியைக் குறிக்குமுன், எந்தச் சம்பளத்தை வைத்து உங்கள் ஓய்வூதியம் கணிக்கப்படும் என்று உங்கள் அலுவலகத்தின் தாபனக் கிளையில் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி கடிதம் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓய்வுக் கடிதத்தைத் திரும்ப எடுப்பது லேசான காரியமல்ல. ஓய்வூதியம் வருடாவருடம் தானாக ஏறுவதுமில்லை, அரசாங்கம் தீர்மானித்தால்தான் கூடும். ஆகவே தொடங்கும் தொகை மிக முக்கியம்.

ஓய்வுபெறும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையை எடுக்கலாமா? அதனால் மாத ஓய்வூதியம் குறையுமே?

குறையும். ஏறத்தாழ இரண்டு வருட ஓய்வூதியம் அளவான தொகை முதலிலேயே கைக்கு வரும், மாதாமாதம் குறைத்த ஓய்வூதியம் வரும். பத்து வருடம் முடிந்ததும் குறைக்காத ஓய்வூதியத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாதம் குறைவது சிறிய தொகை, கைக்கு வருவது பெரிய தொகை. எடுப்பதில் தவறில்லை.

ஆபத்து பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் காசு வந்த செய்தி காசு வருமுன்னே ஊருக்குத் தெரிந்துவிடும். மருமகனுக்கு வான் வாங்க வேண்டும், மச்சானுக்குக் கடைக்கு முதல் வேண்டும், யாரோ ஒருவர் மாதம் நாலு வீதம் வட்டி தருகிறாராம். ஆறு மாதத்துக்கு ஒன்றுக்கும் கைவைக்காமல் வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் "வைப்பில் கிடக்குது, இப்ப எடுக்க ஏலாது" என்று சொல்ல உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும். நிதிக் கம்பனிகளில் கூடிய வட்டிக்குப் போடுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவரைதான். பதிவில்லாத இடத்தில் போட்டால் அதுவும் இல்லை.

எனக்குப் பிறகு மனைவிக்கு ஓய்வூதியம் போகுமா?

அரச சேவையில் இருந்தவர் விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சம்பளத்திலிருந்து கட்டியிருப்பார். அதன்படி மனைவிக்குப் போகும். பெண் உத்தியோகத்தர் என்றால் கணவனுக்குப் போகும். தேவையானது ஒழுங்கான பதிவு. திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் திட்டத்தின் கோப்பில் ஏறியிருக்கிறதா என்று சேவையில் இருக்கும்போதே பாருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் தாலி கட்டி, பதிவை "பிறகு செய்வம்" என்று விட்ட குடும்பங்கள் உண்டு. அந்த மனைவிமார் கணவன் போனபிறகு சாட்சி தேடி அலைவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது. இந்த வேலையை இன்றைக்கே செய்யுங்கள்.

தனியார் கம்பனியில் வேலை. 55 வந்துவிட்டது. ஈ.பி.எஃப். காசை உடனே எடுக்கத்தான் வேண்டுமா?

இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வந்து, வேலையையும் விட்டிருந்தால் எடுக்கலாம். அதுதான் உரிமை தொடங்கும் வயது, கெடு முடியும் வயதல்ல. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. 55 வந்ததற்காக முதலாளி உங்களை அனுப்புவது இப்போது முன்புபோல் இலகுவல்ல. வேலையில் இருக்கும்வரை உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அறுபதுவரை இருந்தால் ஐந்து வருடப் பங்களிப்பும் அதன் வட்டியும் மேலதிகம்.

வேலையை விட்டபிறகும் எடுக்காமல் விடலாமா என்று கேட்டால், விடலாம், எடுக்கும்வரை வட்டி ஏறும். நிதியம் தன் அங்கத்தவர்களுக்கு 2022இற்கு 9 வீதம் கொடுத்தது, 2023இற்கு 13 வீதம். அந்த 2022இல்தான் செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. சேமித்த காசின் பெறுமதி ஒரே வருடத்தில் உருகியதை எல்லோரும் பார்த்தோம். அதே காலத்தில் நிலையான வைப்புகள் 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன. அப்போது எடுத்து வைப்பில் போட்டவர்கள் ஒரு வருடம் சந்தோஷப்பட்டார்கள், வீதம் இறங்கியதும் முகம் வாடினார்கள். வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவுக்குள் வருமானம் உள்ளவர் வங்கிக்குப் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இதைப் பலர் செய்வதில்லை, வங்கியும் தானாகச் சொல்லாது. கேட்டு வாங்குங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கையில் 30 இலட்சம் இருக்கிறது, 9 வீத வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம், மாதம் 22,500 ரூபா. முழு வட்டியையும் எடுத்துச் சாப்பிட்டால் முதல் அப்படியே நிற்கும். ஆனால் அதன் பெறுமதி வருடாவருடம் குறையும். அதே காசை வேலையை விட்ட பிறகு ஐந்து வருடம் தொடாமல் விட்டால் கிட்டத்தட்ட 46 இலட்சமாகும். வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருக்கிறவர், பிள்ளை மாதாமாதம் அனுப்புகிறவர், தோட்டம் பார்க்கிறவர் பொறுத்திருப்பது நல்லது. வேறு வழியில்லாதவர் கடன்பட்டுக் கஷ்டப்பட்டுப் பொறுத்திருப்பதில் அர்த்தமில்லை. கடைக்காரனுக்கும் அடகுக்கும் கொடுக்கும் வட்டி நிதியம் தரும் வட்டியைவிடக் கூட.

ஒன்றை மறக்கவேண்டாம். இந்தக் காசு மொத்தமாகத்தான் வரும், மாதச் சம்பளம்போல் வராது. ஆகவே "எப்போது எடுப்பது" என்பதற்கு முன் "எடுத்து எங்கே போடுவது, மாதம் எவ்வளவு எடுத்துச் சாப்பிடுவது" என்பதை வீட்டில் இருந்து பேசி முடித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும். அதற்காக எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். தகப்பனின் கடைசிக் காசை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை பாதி வழியில் பிடிபட்டுத் திரும்பி வந்த வீடுகள் நம்மூரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்குக் கடன் எடுக்க வழி உண்டு, வயது உண்டு. அறுபது வயதுக்காரருக்கு ஓய்வுக்கால வாழ்க்கைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ என்றால் வயது வருமுன்பே ஒரு பகுதியை எடுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. பத்து வருடத்துக்குக் குறையாமல் பங்களித்து, கணக்கில் ஆகக்குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால், கணக்கில் இருக்கும் தொகையில் 30 வீதம்வரை, உச்சமாக 20 இலட்சம் ரூபா எடுக்கலாம். வைத்தியத்துக்கு என்றால் யோசிக்கவேண்டாம். வீட்டுக்கு என்றால் ஒழுகுகிற கூரையைத் திருத்த எடுங்கள், மேல்மாடி போட எடுக்காதீர்கள்.

கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண்பிள்ளை எடுக்கலாமா?

எடுக்கலாம், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் இருபத்தைந்து வயதில் இருக்கும் காசுக்கு ஐம்பது வயதுவரை வட்டிக்கு வட்டி ஏறும். அது அவள் பெயரில் மட்டும் இருக்கிற காசு. நகையாகவும் மண்டபச் செலவாகவும் போய்விடாமல் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஈ.ரி.எஃப். காசு?

ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டுமே 3 வீதம் கட்டுகிறார். வேலையை விட்டால் வயதைப் பார்க்காமல் எடுக்கலாம், ஆனால் அடுத்த முறைக்கு ஐந்து வருட இடைவெளி வேண்டும். தொகை சிறிது என்பதால் இதில் பெரிய தலையிடி இல்லை. ஓய்வுபெற்ற முதல் சில மாதச் செலவுக்கு இதை எடுத்து, ஈ.பி.எஃப்.ஐ ஆறுதலாக எடுப்பது நல்ல ஒழுங்கு.

பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. அதை முதலாளி வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். சின்னக் கம்பனிகளில் பலர் இதைக் கேட்பதேயில்லை.

நான் வேலை செய்த இடம் யுத்தத்தோடு மூடிவிட்டது. அந்தக் காசு இப்பவும் இருக்குமா?

கட்டப்பட்டிருந்தால் இருக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றபோது வேலை செய்தவர்கள் திசைக்கொன்றாகச் சிதறினார்கள். இடம்பெயர்ந்த சிறு ஆலைகளும் கடைகளும் எத்தனையோ. அலுமாரியின் அடியில் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, மை மங்கிய பி அட்டை (ஈ.பி.எஃப். அங்கத்தவர் அட்டை) ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் தொழில்தருநர் இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும்தான் உங்கள் சாவி. அட்டை இல்லாவிட்டாலும் வேலை செய்த இடத்தின் பெயர், வருடங்கள், பழைய சம்பளச் சிட்டை, கூட வேலை செய்தவர்களின் இலக்கம் ஆகியவற்றோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். இறந்துபோன தகப்பனுடைய காசை மனைவியும் பிள்ளைகளும் கோரலாம்.

பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு காசு யாருக்குப் போகவேண்டும் என்று நீங்கள் குறித்துக் கொடுத்தவரின் பெயரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் இன்னும் மாற்றாமல் இருக்கிறார்கள்.

லண்டனில் முப்பது வருடம் உழைத்தேன். ஊரோடு வந்துவிடப் போகிறேன். அரச பென்சனை எப்போது எடுப்பது?

பிரித்தானிய அரச பென்சன் வயது 66ஆக இருந்து, 2026இலிருந்து 2028க்குள் 67 ஆகிறது. ஆகக்குறைந்தது பத்து வருடப் பங்களிப்பு வேண்டும், முழுத்தொகைக்குப் பொதுவாக 35 வருடம். தானாக வராது, நீங்கள் கோரவேண்டும். கோராமல் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு ஒன்பது வாரத்துக்கும் 1 வீதம், வருடத்துக்கு 5.8 வீதத்துக்குச் சற்றுக் குறைய, கூடிக்கொண்டு போகும்.

இலங்கைக்கு வருகிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய பெரிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே குடியிருப்பவர்களின் பிரித்தானிய பென்சன் உறைந்துவிடும். அங்கே வருடாவருடம் ஏறுவதுபோல் இங்கே ஏறாது. 2016இல் வாரம் 155.65 பவுண் முழுப் பென்சனோடு யாழ்ப்பாணம் வந்து தங்கியவர் இன்றும் அதே 155.65 பவுண்தான் வாங்குகிறார். அங்கேயே இருந்தவருக்கு 2025 ஏப்ரலில் அது 230.25 பவுண். இந்தியாவில் இருப்பவருக்கும் இதே நிலைதான்.

ஆகவே ஊருக்கு வருகிற திகதியும் பென்சனின் முடிவோடு சேர்ந்ததுதான். அங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருப்பவர், உடம்பும் நல்லாயிருந்தால், ஒன்றிரண்டு வருடம் அங்கிருந்தபடி தள்ளிப்போட்டு உயர்ந்த தொகையோடு வருவதை யோசிக்கலாம். ஆனால் ஒரு வருடம் விட்டுக்கொடுத்த காசைத் திரும்பப் பிடிக்கச் சுமார் பதினேழு வருடம் போகும். வேலையில்லாமல் சேமிப்பைத் தின்றுகொண்டு தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊரில் குடியிருந்துகொண்டு லண்டன் விலாசத்தைக் காட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். கண்டுபிடித்தால் கூட வாங்கியதைத் திரும்ப அறவிடுவார்கள். உறைந்த பென்சன்காரர் அங்கே போய்த் தங்கும் நாட்களுக்கு உயர்த்திய தொகையை முறைப்படி கேட்டு வாங்கலாம்.

கனடாவில் இருந்தவருக்கும் இப்படித்தானா?

இல்லை, கனடா இதில் தாராளம். கனடா பென்சன் திட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் வரும், வருடாவருடம் விலைவாசிக்கேற்ப ஏறும். 60 வயதிலிருந்து 70 வரை எப்போதும் தொடங்கலாம். 65க்கு முன் எடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் குறையும், பின் தள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.7 வீதம் கூடும். அறுபதில் எடுத்தால் 36 வீதம் குறைவு, எழுபதில் 42 வீதம் கூட. அறுபதில் எடுத்தவரை 65இல் எடுத்தவர் ஏறத்தாழ 74 வயதில் எட்டிப்பிடிப்பார். 65இல் எடுத்தவரை எழுபதில் எடுத்தவர் பிடிக்க ஏறத்தாழ 82 ஆகும்.

முதியோர் பாதுகாப்புப் பென்சன் வேறு. 65இல் தொடங்கும். அது நாட்டுக்கு வெளியே வரவேண்டுமானால் பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் இருபது வருடம் வாழ்ந்திருக்கவேண்டும். பதினெட்டு வருடத்தில் ஊருக்குக் கிளம்ப நினைப்பவர் இன்னும் இரண்டு வருடம் பொறுத்து வாருங்கள், அந்த இரண்டு வருடம் ஆயுள் முழுவதும் காசு தரும். குறைந்த வருமானக்காரருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். அதை நம்பி ஊர்ச் செலவைத் திட்டமிடவேண்டாம்.

வருத்தக்காரன் நான். எண்பது வரை இருப்பேனா தெரியாது. பொறுத்திருக்கவா?

எடுத்து அனுபவியுங்கள். பொறுத்திருப்பதால் கூடும் என்ற கணக்கெல்லாம் நீண்ட ஆயுள் உள்ளவருக்கானது. தள்ளிப்போடுவதற்கு உங்கள் விஷயத்தில் ஒரே நியாயம், உங்களுக்குப் பிறகு மனைவிக்குக் கூடக் கிடைக்கும் என்பதாக இருந்தால்தான். பிரித்தானியாவின் புதிய அரச பென்சனில் பெரும்பாலும் அப்படிக் கிடைப்பதில்லை, கனடாவின் முதியோர் பாதுகாப்புப் பென்சனும் ஆளோடு முடிந்துவிடும்.

எந்தப் பத்திரங்களை முன்கூட்டியே தயார்பண்ணுவது?

எடுக்க நினைக்கும் திகதிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நியமனக் கடிதங்கள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் முழுமையாக, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்துக் கூட, இன்னொரு இடத்தில் குறைய. பிறந்த திகதியில் ஒரு நாள் வித்தியாசம். ஒரே ஆள்தான் என்று விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) தெரியும், கொழும்பில் கோப்புப் பார்ப்பவருக்குத் தெரியாது. திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், முடியாததற்குச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம்.

அரச உத்தியோகத்தர் தமது தனிப்பட்ட கோப்பை ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும். சம்பளமற்ற லீவு, இடமாற்றம், 1995 இடப்பெயர்வுக் காலத்தில் வேறு இடத்தில் கடமை ஏற்றது எல்லாம் கடிதத்தோடு இருக்கிறதா? இல்லாததை அங்கே வேலை செய்தவர்கள் உயிரோடும் பதவியோடும் இருக்கும்போதே உறுதிப்படுத்தி வாங்குங்கள்.

எடுக்கத் தொடங்கியபின் ஏதும் செய்யவேண்டுமா?

உயிர்வாழ்வுச் சான்றிதழ். அரச ஓய்வூதியக்காரர் வருடந்தோறும் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவேண்டும். தவறினால் கொடுப்பனவு நிற்கும். வெளிநாட்டுப் பென்சன்காரருக்கு இதே தேவைக்கான படிவம் தபாலில் வரும், அதை உரியவர் முன் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் வீட்டார் விதானையாரிடம் சொன்னால் அவர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதித் தருவார்.

வங்கிக் கணக்கு எது, கோப்பு இலக்கம் என்ன, படிவம் எந்த மாதம் வரும் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் காட்டி வையுங்கள்.